மோர் வாளிகளோடு போன உயிர்

போன வருடம் ஆடி மாதம், நாங்கள் இருக்கும் ஹோர்சன்ஸில் வெயில் கொளுத்தித் தள்ளியது. டென்மார்க்கில் வெயில் வந்தால் ஊரே கொண்டாடும். ஆனால் இங்குள்ள வீடுகள் குளிருக்குக் கட்டியவை. உள்ளே வந்த சூடு வெளியே போகவே போகாது. கடைகளில் மின்விசிறி எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். அவள் கோடை முகாமுக்குப் போகும்போது தன் அக்ஸலோட்டலை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அது மெக்சிகோ நாட்டு நீர்ப் பிராணி. வெளிறிய ரோஸ் நிறம், நாலு குட்டிக் கால், கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு மாதிரிச் செவுள்கள். அவளுக்கு அது உயிர். எனக்கோ பல்லியைக் கண்டாலே உடம்பு கூசும், இதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

அதற்குக் குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும். முதலில் போத்தல்களில் தண்ணீரை உறையவைத்துத் தொட்டிக்குள் மிதக்கவிட்டேன். அந்த வெயிலுக்கு அது போதவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பார்த்தால், அது சாப்பிடாமல், செவுள்கள் முன்பக்கம் வளைந்து, மேலே வந்து மிதந்துகொண்டிருந்தது. பயத்தில் மகளுக்கு போன் எடுத்தேன். அவள் டெனிஷில் படபடவென்று கட்டளை போட்டாள்: தொட்டித் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் விட்டு ஃப்ரிட்ஜுக்குள் வை, மெல்ல மெல்லக் குளிரட்டும், மூடியை இறுக்காதே, தினமும் தண்ணீரை மாற்று. கடைசியில் மட்டும் தமிழில், "அம்மா, பிளீஸ், அதைச் சாக விட்டிடாதேங்கோ" என்றாள்.

நம் வீடுகளில் பாத்திரத்துக்கு என்ன பஞ்சம்? துருக்கிக் கடைத் தயிர் வாளிகளை எங்களில் யாராவது எறிந்ததுண்டா? ஒரு வெள்ளை வாளியை நன்றாகக் கழுவி, வலையால் அதை அள்ளி உள்ளே விட்டு, கராஜில் இருந்த பழைய ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்தேன். கீழ்த்தட்டில் ஏற்கெனவே இரண்டு வாளி மோர் இருந்தது. அடுத்த நாள் தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. மோர் எங்கள் வீட்டுப் பொறுப்பு.

என் கணவருக்குப் பின்னேர வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. அவர் வரும்போது நான் நித்திரை, நான் போகும்போது அவர் நித்திரை. எங்கள் குடும்பக் கதை பேச்சு முக்கால்வாசி போனில்தான் நடக்கும். அன்றைக்கு அவருக்குப் போன் எடுத்து மேல்தட்டு வாளியைப் பற்றிச் சொல்ல மறந்துபோனேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து நேரே கராஜுக்குத்தான் போனேன். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இரண்டு தட்டும் வெறுமை.

மோர் என்று நினைத்து மூன்று வாளியையும் அவர் கொண்டுபோயிருக்க வேண்டும். அவர் போனை எடுக்கவில்லை. மைதானத்தில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது? சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் மனம் தன்பாட்டுக்குப் படம் காட்டியது. காரின் பின்பெட்டிக்குள் வாளி வேகிறது. யாரோ உப்பை அள்ளிப் போடுகிறார்கள். கரண்டியை விட்டுக் கலக்குகிறார்கள். மகளுக்கு இதை எந்த வாயால் சொல்வேன்?

மைதானத்து வாசலில் கணவர் நின்றார். "என்னப்பா, ஏன் இப்பிடி மூச்சு வாங்குறீர்?"

"மற்ற வாளி எங்கை?"

"மூண்டாவதோ? முதல் ரெண்டும் முடிஞ்சுது. அதை இப்பதான் குடுத்துவிட்டனான்."

சைக்கிளை அப்படியே புல்லில் போட்டுவிட்டு ஓடினேன். தண்ணீர்ப் பந்தலில் வெறும் வாளி இரண்டு கவிழ்ந்து கிடந்தன. மூன்றாவதைக் காணவில்லை. பந்தலைச் சுற்றித் தேடினேன். பந்தலுக்குப் பின்னால், மர நிழலில், ஒரு இளம் பெண் தனியாகக் குந்தியிருந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, இங்கே வந்து கொஞ்சக் காலம்தான், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அவளுக்கு முன்னால் வாளி. தன் துப்பட்டாவை நனைத்து அதைச் சுற்றிக் கட்டி, குளிர்பானப் பெட்டியில் இருந்த போத்தல்களைச் சுற்றிவர அடுக்கி, ஒரு காகிதத் தட்டால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது உங்களோடதா? உப்பு போடலாம்னு மூடியத் திறந்தேன். உள்ள ஏதோ அசைஞ்சுது. பயந்துட்டேன்."

"ஒருத்தரிட்டயும் சொல்லேல்லையா?"

"சொன்னா யாராவது கீழ கொட்டிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சுக்கா. என்னன்னே தெரியல. ஆனா உசிரு இருக்குல்ல?"

எட்டிப் பார்த்தேன். அது அடியில் கிடந்தது, அசையவில்லை. கூச்சமாவது ஒன்றாவது! கையைத் தண்ணீருக்குள் விட்டேன். தண்ணீர் இன்னும் குளிர்ந்துதான் இருந்தது. விரல் முதுகில் பட்டதும் அது வாலை ஒரு வெட்டு வெட்டியது. நான் அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். அந்தப் பிள்ளையும் சேர்ந்து அழுதாள்.

கணவர் ஓடிப்போய்க் காரைக் கொண்டுவந்தார். வாளி என் மடியில், ஈரத் துப்பட்டாவோடு வீடு வந்தது. வெயில் தணியும்வரை அது ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. பிறகு தொட்டிக்குப் போய்ச் சாப்பிடத் தொடங்கிவிட்டது. மகளிடம் ஒன்றும் மறைக்கவில்லை. அவள் என்னைக் கோபிக்கவில்லை. அந்த அக்காவைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

மைதானத்துக்குப் போன வழியெல்லாம் நான் நடுங்கியது என் மகளின் முகத்தை நினைத்துத்தான், அந்தப் பிராணியை நினைத்தல்ல. அது என்ன, யாருடையது என்று ஒன்றுமே தெரியாமல் அதற்காக நடுங்கிய அந்தப் பிள்ளையின் கைகளை நினைத்து, முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு அறைக் கதவையும் திறக்கும்போது, உள்ளேயும் ஒரு உயிர் இருக்கிறதல்லவா என்று இன்றைக்கும் நான் ஒரு கணம் நின்றுதான் உள்ளே போகிறேன்.