தம்பையாவுக்குத் தெரிந்த நீச்சல்

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறியில் கொழுந்து மூட்டை ஏற்றும் தம்பையாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டில்தான். தோட்டத்து அணையில் முழங்கால் அளவுத் தண்ணீர். அதில் திலாப்பியா பிடித்துப் பிடித்தே தொழிலாளர் லயத்து வீடுகளில் பெரிய மீன்பிடிகாரர் என்று பெயர் வாங்கிவிட்டார். வாயும் கொஞ்சம் நீளம்.

அந்த வாய்தான் அவரை வம்பில் மாட்டியது. தூண்டில் முள் வாங்கப் போன கடையில், முதலாளி ஹபீஸ் பிபிலைக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் ஒரு குளத்தைப் பற்றிச் சொன்னார். இருவருமே பார்த்திராத குளம். தோணியில் நடுவுக்குப் போனால்தான் மீனாம்.

"அண்ணே, நீச்சல் தெரியுந்தானே?"

"என்ன மொதலாளி, இப்படிக் கேட்டுப்புட்டீங்க!" என்று சிரித்தார் தம்பையா. மலையிலிருந்து குழாய் போல விழும் பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்த மனிதர். ஐம்பத்திரண்டு வருடத்தில் இடுப்புக்கு மேல் தண்ணீரில் நின்றதே இல்லை.

ஞாயிறு விடிந்தால் இருவரும் அந்தக் குளத்துக்குப் பயணம். சனிக்கிழமை பின்னேரம் முள்ளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். மாட்டுப்பட்டியில் தோண்டிய புழுக்களை ஈரச்சாக்கில் சுற்றி, மலைக்குக் கீழே பிபிலைப் பக்கத்து வெயிலில் செத்துவிடுமோ என்று பத்துத் தடவை பிரித்துப் பார்த்தார். காட்டு அட்டை கடிக்காமல் காலில் பூசச் சவர்க்காரம் எடுத்து வைத்தார். அந்த வெக்கைக்குப் போகிறவருக்குக் கம்பளிச் சட்டை வேறு. கவலைப்பட வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டார்.

"புழு சாவாது. நீங்கதான் சாவீங்க" என்றாள் மனைவி பாக்கியலெட்சுமி. கண் கலங்கியிருந்தது. "நீச்சல் தெரியாதுன்னு அவருகிட்ட சொல்லிப்புடுங்க."

"சிரிப்பாரு புள்ள."

"சிரிக்கட்டும். எனக்குத் தாலி நெலைக்கணும்."

"கவுந்தா என் உசுருதானே போகும்? விடு!" என்று எரிந்து விழுந்தார். பயம் அவருக்கு எப்போதும் கோபமாகத்தான் வரும்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஹபீஸ்தான்.

"அண்ணே, ஊட்டுல ஷஹீலா போக உடமாட்டேங்கிறா. எனக்கு நீந்தவே தெரியாதுன்னு பயப்படுறா. தம்பையாண்ணே இருக்காரு, கவுந்தாலும் தூக்கிருவாருன்னு சொல்லித்தான் பாதிக்குச் சம்மதிக்க வச்சிருக்கேன். நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்க."

அடுத்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அண்ணே, எங்களுக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க. ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

இத்தனை நாளும் தன் உயிரை மட்டும் வைத்துத்தான் பொய் சொன்னதாகத் தம்பையா நினைத்திருந்தார்.

"தங்கச்சி" என்றார். "எனக்கு நீச்சல் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. அவரத் தோணியில ஏற விடாதீங்க."