கிணற்றுக்காட்டுக்கு ஈடாக வைத்த கார்

அப்பா காலமாகி, சொத்தைப் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தபோது எங்களுக்குப் பெரிய தலைவலியாக வந்து நின்றது ஒரு கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்புக் கார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். முன்மூக்கு மட்டும் ஓர் ஆள் நீளம். அந்த மூடி காற்றில் திறந்துகொள்ளாமல் இருக்க, குதிரைக்குக் கட்டுவதுபோல் ஒரு தோல்வார். பந்தயத்தில் ஓட்டுவதற்காகவே இத்தாலியில் செய்த ஜாதியாம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார்.

மலைப்பாதை இறங்கிக் கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டும் வரை ராஜா மாதிரி வந்த வண்டி, திருச்செங்கோட்டுக்குத் தெற்கே எங்கள் ஊர் வண்டித்தடத்தில் இறங்கியதும் அடிவயிறு மேட்டில் தட்டி நின்றுவிட்டது. ஆட்கள் தூக்கித்தான் வீடு கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்பா வெட்கப்படவில்லை. உள்ளே உட்கார்ந்தபடியே வந்தார். என்ன விலை கொடுத்தார் என்று கேட்டால் அம்மாவிடம் ஒரு தொகை சொன்னார், எங்கள் தாய்மாமனிடம் வேறொரு தொகை சொன்னார். இரண்டையும் யாரும் நம்பவில்லை.

எங்கள் குடும்பத்தில் பாகம் பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவன் இரண்டு பங்காகப் பிரித்து வைக்க வேண்டும். இளையவன் வந்து தனக்குப் பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்வான். மிஞ்சியது மூத்தவனுக்கு. நாங்கள் இரண்டே பேர், நான்தான் மூத்தவன். வீடு, நகை, மாடு, மற்றக் காடுகள் எல்லாம் சரிபாதி வெட்டிவிடலாம். வெட்ட முடியாதவை இரண்டு. ஒன்று அந்தக் கார். இன்னொன்று கிணற்றுக்காடு.

கிணற்றுக்காடு எனக்கு வேண்டும். இதில் மூடிமறைக்க ஒன்றுமில்லை. தம்பி திருச்சியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், கோடைக்குக் கோடை பாறைக்கு வெடி வைத்து, ஆட்களோடு ஆளாக நானும் கல் சுமந்து தோண்டிய கிணறு அது. இன்னும் ரெண்டு முழம் பார்க்கலாம் என்று நான் அடம்பிடித்திருக்காவிட்டால் தண்ணீர் வந்திருக்காது. சித்திரை வெயிலிலும் மாடு கட்டி இறைக்கலாம். அதை இன்னொருவன் பேரில் எழுதிக்கொடுத்துவிட்டு நான் வரப்போரம் நின்று பார்ப்பதா?

தம்பிக்கோ கார்தான் உயிர். எங்கள் வீட்டில் அதை ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அடிவயிறு தட்டாமல் போய்வர வண்டித்தடத்து மேட்டைச் செதுக்கி வைத்தவனும் அவன்தான். சாப்பிட உட்கார்ந்தாலும் சாவி மடியில் இருக்கும்.

"ஏனுங்க, காரைத் தனியா ஒரு பக்கம் வெச்சுப்போட்டு, கெணத்துக்காட்டையும் மத்ததையும் ஒரு பக்கம் வைங்க" என்றாள் என் மனைவி. "கொழுந்தனாரு கண்ணை மூடிக்கிட்டுக் காரைத்தான் எடுப்பாரு."

"எடுக்காமப் போனா? நீ காரைக் கரைச்சுக் குடிப்பியா?"

அவள் வெடுக்கென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள்மேல் எரிந்து விழுந்தேனே தவிர, எனக்குள்ளும் அரிப்பு தொடங்கிவிட்டது. காடென்றால் ஏக்கரா இன்ன விலை என்று எவனும் சொல்வான். மாடென்றால் பல்லைப் பிடித்துப் பார்த்துவிடலாம். இந்த இரும்புக்கு நியாயமான விலைதான் என்ன?

முதலில் தம்பியையே ஓட்டச் சொல்லிச் சேலத்தில் ஒரு மோட்டார் பட்டறைக்குப் போனேன். விற்கப் போகிறேன் என்று சொன்னேன். பட்டறைக்காரர் மூடியைத் திறந்தார், உதட்டைப் பிதுக்கினார், மூடினார். "இஞ்சினுக்குள்ள ரிங்கு தேஞ்சுபோச்சுங்க. ஒரு சாமான் ஒடைஞ்சா கப்பல்லதான் வரணும். ஆயிரம் ரூவா வந்தாக் கண்ணுல ஒத்திக்கிட்டுக் குடுத்துருங்க" என்றார். தம்பி முகம் சுருங்கிவிட்டது.

எனக்குச் சந்தேகம். அடுத்த வாரம் என் மச்சானை அதே பட்டறைக்கு அனுப்பினேன், அந்தச் சிவப்புக் காரை வாங்கப் போகிறேன், எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்கச் சொல்லி. அதே வாய், "இந்த ஜில்லாவுக்கே அது ஒண்ணுதானுங்க. நாலாயிரத்துக்குக் கொறைச்சுக் கேட்டா அவமானம்" என்றதாம். எனக்குக் கோபம் வரவேண்டியது, சிரிப்புத்தான் வந்தது. அதே ரிங்கு, அதே கப்பல். விற்கிறவனுக்கு ஒரு விலை, வாங்குகிறவனுக்கு ஒரு விலை என்றால் இரண்டுக்கும் நடுவில் காருக்கென்று ஒரு விலை இருக்குமா இருக்காதா?

அப்புறம், சிரிக்காதீர்கள், மாட்டுத் தரகர் ஒருவரைக் கூட்டிவந்தேன். சந்தையில் அவர் சொன்னால் சொன்னதுதான். காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். சக்கரத்துக் கம்பிகளைத் தட்டிப் பார்த்தார். சந்தையில் ரகசியமாக விலை சொல்கிற பழக்கதோஷம், மேல்துண்டை என் கைமேல் போட்டு உள்ளே விரலைப் பிடித்து அழுத்தினார். இரண்டு ஜோடி நல்ல காளையின் விலை.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னும்பாங்களே?" என்று கேட்டேன்.

"யானைக்குத் தந்தம் இருக்குதுங்க சாமி. இது உழுவாது, ஈனாது, செத்தாத் தோலும் மிஞ்சாது" என்றார்.

மோகனூரில் கரும்பு போட்டிருந்த பணக்காரர் ஒருவர், கல்யாண ஊர்வலத்துக்கு ஆகும் என்று மூவாயிரம் மதித்தார். நாமக்கல்லில் ஒரு வக்கீல் இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். ஒரு மாதம் இதே வேலை. களையெடுப்புக்குக்கூடப் போகாமல் அலைந்தேன். ஆளுக்கு ஒரு தொகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம். ஊருக்குள் எனக்குக் கார்க்கவுண்டர் என்று பேரே வைத்துவிட்டார்கள்.

கடைசியில் அலைவதை விட்டுவிட்டு என்னையே கேட்டுக்கொண்டேன். தம்பி கிணற்றுக்காட்டை எடுத்தால் எனக்கு எரியும். காரோடு எவ்வளவு மானாவாரி மேட்டுக்காடு சேர்ந்து எனக்கு வந்தால் அந்த எரிச்சல் அடங்கும்? வரப்பில் நின்று மனசுக்குள் இரண்டு ஏக்கரா கூட்டினேன், ஒரு ஏக்கரா குறைத்தேன். கடைசியில் காருக்கு இரண்டாயிரம் என்று வைத்து, அதோடு கிழக்கு மேட்டுக்காடு முழுவதையும் சேர்த்து ஒரு பங்கு. கிணற்றுக்காடு மட்டும் இன்னொரு பங்கு. மீதி எல்லாம் சரிபாதி. எது வந்தாலும் சரி என்று சாமி கும்பிட்டுச் சொல்லலாம் போல இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தைரியம்: அவன் காரை விடவா போகிறான்?

மாமன் முன்னால் இரண்டு பங்கையும் சொன்னேன். மாமன் தம்பியைப் பார்த்து, "எடுத்துக்க சாமி" என்றார். அவர் கண்ணும் வாசலில் நின்ற கார்மேல்தான் இருந்தது.

"கெணத்துக்காடுங்க மாமா" என்றான் தம்பி.

உள்ளே அம்மாவின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. என் மனைவி கதவோரம் நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் திரும்பிப் பார்க்கவில்லை. எது வந்தாலும் சரி என்றேனே, எல்லாம் பொய். அந்தக் கிணற்றுக்கு நான் எவ்வளவு குறைவாக விலை போட்டிருக்கிறேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது.

மாமனுக்கும் பொறுக்கவில்லை. "ஏன் சாமி, காருன்னா உசுரை உடுவயே?"

"இப்பவும் உசுருதானுங்க மாமா. ஆனாக் காரு அண்ணங்கிட்ட இருந்தா, நான் கேட்டாக் குடுத்துருவாரு. காடு அண்ணங்கிட்ட இருந்தாக் கேட்டு வாங்கி உழுவ முடியுங்களா?"

"உங்கண்ணன் காரை வித்துப்போட்டா?"

"யாருக்குங்க விப்பாரு? ஒரு மாசமா ஊரு ஊராப் போயிட்டு வந்தாரு. அத்தனை பேரும் வெல சொன்னாங்க. நான் வாங்கிக்கறேன்னு ஒருத்தராச்சும் சொன்னாங்களான்னு கேளுங்க."

ஒருவரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. நான் ஊரெல்லாம் அலைந்து காரை எடை போட்டுக்கொண்டிருந்தேன்; அவன் வீட்டில் உட்கார்ந்தபடி என்னை எடை போட்டு வைத்திருக்கிறான். கையெழுத்துப் போட்டேன். தம்பி மடியிலிருந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தான்.

அன்று சாயங்காலமே வந்து, "அண்ணா, சாவி குடுங்க, நாமக்கல்லு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றான். நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கொடுத்தேன்.