மூடி திறந்திருந்தால் டிரையர் சுற்றாது

தேனியிலிருந்து வந்த அந்த மெசின் மெக்கானிக் பொய் சொன்னான். தெரியாமல் சொன்னது இல்லை. தெரிந்தே சொன்னான், எங்கள் முற்றத்தில் நின்று, அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னான். டிரையர் மோட்டார் எரிந்துவிட்டது என்றான். எரியவில்லை. மெசின் என்னுடையது இல்லை, அது போனதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அன்றைக்கு என் அக்கா எனக்கு இல்லாமல் போய்விட்டாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, ஓரகத்தி. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் இரண்டு வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. பின்பக்கம் முற்றம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, துவைக்கிற கல் ஒன்று. நான் கல்யாணமாகி வந்த புதிதில் என்னோடு சரிக்குச் சரி பேசிச் சிரித்த ஒரே ஆள் அவள்தான்.

மெசின் அவள் மகள் காதுகுத்துக்கு வந்தது. அவளுடைய தம்பி தாய்மாமன் சீராகக் கொண்டுவந்தான். முன்னால் கொட்டு, அதற்குப் பின்னால் தட்டுகள், அதற்கும் பின்னால் ஒரு சின்ன வண்டியில் ரிப்பன் கட்டிய மெசின். அதன் தலையில் ஒரு வாழைத்தாரை வைத்திருந்தார்கள். இடது பக்கத் தொட்டி துவைக்கும், வலது பக்கத் தொட்டி சுற்றிப் பிழியும். அந்தப் பிழிகிற பக்கத்தைத்தான் எல்லோரும் டிரையர் என்பது. அக்கா துவைக்கிற பக்கத்தை ஒரு நாளும் நம்பவில்லை. கல்லில் அடித்தால்தான் அழுக்கு போகும் என்பது அவள் கட்சி. அதனால் அந்தத் தொட்டியில் வெங்காயம் கிடந்தது. டிரையர் மட்டும்தான் ஓடியது.

ஆடி மாதம் அது இல்லாமல் முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் மழை ஊற்றும்போது எங்களுக்கு நாள் முழுக்கப் பொடிச் சாரல். காற்று ஆளைத் தள்ளும், ஆனால் துணி காயாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையை ஈரத்தோடு இஸ்திரி போட்டுப் போட்டு அதில் ஒரு புழுங்கல் வாடை ஏறிவிடும். திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வந்த கைலியும் சட்டையும் கொடியில் இரண்டு நாள் கிடந்தாலும் சொதசொதவென்றே இருக்கும். டிரையர் வந்த பிறகு காலையில் நான் அடித்துக் கும்முவேன், அவள் அள்ளிப் போடுவாள்.

அந்த மெசினுக்கு வந்த நோய் எல்லாவற்றையும் நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம். துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் அது தொட்டியோடு குதிக்க ஆரம்பிக்கும். நிறுத்தி, துணியை எடுத்து வட்டமாக அடுக்கி, மேலே அந்தப் பிளாஸ்டிக் தட்டை வைத்து அழுத்த வேண்டும். அதற்குப் பொறுமை ஏது?

"ஏத்தா, ஆட ஆரம்பிச்சிருச்சு, ஓடியா!" என்று கத்திக்கொண்டே அக்கா ஏறி மூடி மேல் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தால் அவளும் சேர்ந்து ஆடுவாள்.

"சி-சிரிக்காத. அத்-த்த வர்-ர்ராக" என்பாள். மாமியார் உண்மையாகவே வந்து நிற்பார்.

"ரெண்டும் கழுத வயசாச்சு. அதுல ஏறி ராட்டினமா சுத்துறீக?"

"இல்லத்த, ப-பாரம் வச்சிருக்கேன்."

"அந்தப் பாரத்த அடுப்படியில கொண்டுபோய் வையி. பருப்பு தீயிது."

தண்ணீர் வெளியே போகாமல் உள்ளேயே நின்றால் டிரையர் மெதுவாகச் சுற்றும். முதல்நாள் யாராவது கழிவுத் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக் கல் மேல் போட்டிருப்பார்கள். அது தரையில் கிடந்தால்தான் தண்ணீர் இறங்கும். கீழே போட்டும் இறங்கவில்லை என்றால் குழாய் வாயில் விரலை விட வேண்டும். தோட்டத்தில் திராட்சைக் கொடி கட்டுகிற சணல் துண்டு, சட்டைப் பையிலிருந்து வந்தது, பந்து மாதிரி சுருண்டு வரும். "சர்ர்ர்" என்று உரசுகிற சத்தம் கேட்டால் கைக்குட்டையோ பிள்ளைகளின் பெல்ட்டோ உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் விழுந்திருக்கும். ஒரு கம்பியை வளைத்து அக்கா அதைத் தூண்டில் போடுகிற மாதிரி எடுப்பாள். ஒரு தடவை மாமனாரின் கோவணத்தை அப்படி எடுத்துத் தூக்கிக் காட்டினாள். நான் சிரித்துச் சிரித்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் வயிறு வலிக்கிறது. அதற்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

ஒரு ஆடியில் டிரையர் நின்றுபோனது. திருகினால் "ங்ங்ங்" என்று உறுமியது, சுற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது. குழாயைப் பார்த்தோம், துணியைப் பிரித்தோம், கம்பியை விட்டோம். ஒன்றும் இல்லை. தேனியில் மெசின் விற்கிற ஒரு கடைக்குப் போன் போட்டார்கள்.

மெக்கானிக் வந்த அன்றைக்கு அக்காவின் தம்பியும் அவன் பெண்டாட்டியும் ஊருக்கு வந்திருந்தார்கள். மாமியார் இருந்தார். பக்கத்து வீட்டுச் சொந்தக்காரப் பெண்களும் வேடிக்கைக்கு வந்து நின்றார்கள். வந்தவன் மெசினைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடியைத் தூக்கினான், உள்ளே கையை விட்டுத் தொட்டியைத் தள்ளினான். அசையவில்லை.

"பாருங்கம்மா, கையால தள்ளியும் சுத்தல. மோட்டார் எரிஞ்சு இறுகிப் போச்சு. வாட வருதுல்ல? இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டு. புதுசு எடுத்துருங்க" என்றான். பிறகு ஒன்று கேட்டான். "கடைசியா யாரும்மா போட்டது? என்ன போட்டீக?"

அக்கா என்னைக் காட்டினாள். "இவதான். ஜமக்காளத்தப் போட்டா."

"ஜமக்காளமா? அப்ப எரியாம என்ன செய்யும்" என்றான்.

அக்காவின் தம்பி பெண்டாட்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நாங்க சீராக் கொண்டாந்தத இவுக எதுக்குத் தொடணும்?"

ஜமக்காளம் போட்டது நான்தான். ஆனால் அந்த ஜமக்காளம் அக்காவுடையது. அவள் மகன் படுத்து நனைத்தது. "நீ போட்டு எடுத்தா, எனக்கு வேல கெடக்கு" என்று என் கையில் கொடுத்ததும் அவள்தான். அதைச் சொல்லுவாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி முகத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், சொல்லவில்லை. நானே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். அவள் சொல்ல வேண்டியதை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்த ஆளிடமே புது மெசின் வாங்கினார்கள். அது முற்றத்துக்கு வரவில்லை, அவள் வீட்டுக்குள் போனது. பிறகு பிள்ளைகள் படிப்புக்கு என்று தேனிக்கே குடிபோனாள். கல்யாணம் காட்சியில் பார்ப்போம். "சாப்ட்டீகளா?" என்பாள். என்னை ஏத்தா என்று கூப்பிட்ட வாய் அது. மரியாதை கொடுத்தே ஒரு ஆளை ஒதுக்க முடியும் என்பதை நான் அவளிடம்தான் பார்த்தேன்.

பழைய மெசினை எடைக்குப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. பின்கொட்டகையில் கிடந்தது. டிரையர் தொட்டியில் கோழி அடை உட்கார்ந்தது.

போன ஆடியில் சின்னமனூரில் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளும் அதே மாதிரி மெசின்தான் வைத்திருக்கிறாள், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துணியை எடுக்கும்போது உள்தொட்டியைக் கையால் தள்ளினேன். அசையவில்லை.

"அடியே, நான் ஒண்ணும் பண்ணல. மோட்டார் இறுகிப் போச்சுடி" என்றேன்.

மகள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மூடியத் தெறந்து வச்சிட்டுத் தள்ளுனா எப்பிடிம்மா சுத்தும்? மூடியத் தூக்குனா பிரேக் புடிச்சிரும். கை மாட்டக்கூடாதுன்னு வச்சிருக்காக."

நல்ல மெசினே மூடி திறந்திருந்தால் சுற்றாது. அன்றைக்கு அத்தனை பேருக்கும் முன்னால் அவன் காட்டிய சாட்சி அதுதானே! மெசின் பார்க்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா?

மறுநாளே ஊருக்கு வந்து கோழியை விரட்டினேன்.

"எதுக்குடி அத எழுப்புற?" என்றார் வீட்டுக்காரர்.

"மெசினப் பாக்கப் போறேன்."

"அது செத்து எத்தன வருஷமாச்சு. பொணத்துக்கு ஊசி போடப் போறியாக்கும்."

பின்பக்க ஆணிகள் துருவேறி இருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினேன். மூடியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மோட்டாருக்குப் போகிறது. மூடியை மூடினால் அது இழுபட்டு பிரேக்கை விடுவிக்க வேண்டும். அந்தக் கம்பி கொக்கியிலிருந்து கழன்று தொங்கிக் கிடந்தது. மூடி மூடியிருந்தும் பிரேக் பிடித்த பிடியை விடவில்லை, அவ்வளவுதான். மோட்டார் சுற்றப் பார்த்திருக்கிறது, பிரேக் ரப்பர் தேய்ந்து கருகியிருக்கிறது. வாடை அங்கிருந்து வந்தது. திராட்சைப் பந்தலுக்கு வாங்கி மிஞ்சிய கட்டுக்கம்பியால் கொக்கியில் இழுத்துக் கட்டினேன். எச்சத்தையும் வைக்கோலையும் வழித்தெடுத்தேன். வயர்களை எலி கடித்திருக்கிறதா என்று வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் பிளக்கை மாட்டவிட்டார்.

திருகினேன். ஒரு உறுமல். பிறகு சுற்றியது. தூசியைக் கிளப்பிக்கொண்டு, கொட்டகையே அதிரச் சுற்றியது.

"ஓடுதுடி!" என்று அவர் இரண்டு எட்டு பின்னால் போனார்.

போனில் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டேன். "மோட்டார் எரியவில்லை. பிரேக் கம்பி கழன்றிருந்தது" என்று எழுதினேன். கொழுந்தன் மகன் சிரிக்கிற பொம்மை போட்டான். அக்காவின் தம்பி ஒன்றும் போடவில்லை. அக்கா பார்த்துவிட்டாள், எழுதவில்லை. இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள்.

"ஏத்தா, பழசயெல்லாம் எதுக்குக் கெளர்ற? மெசின்தான, விடு."

"மெசின் கெடக்கட்டுங்க்கா. ஜமக்காளத்த என் கையில குடுத்தது யாரு?"

"அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

அந்த மெக்கானிக் இப்போது எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் வரவும் வேண்டாம். எனக்குப் பதில் சொல்ல வேண்டியது நீதான் அக்கா. போனில் நீ ஏத்தா என்று கூப்பிட்டது என் காதுக்கு இனித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது நம் இரண்டு பேருக்குள் பேசியது. என்னைக் கைநீட்டிக் காட்டியது எல்லோருக்கும் முன்னால். அன்றைக்கு நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள், உன் தம்பியும் அவன் பெண்டாட்டியும் உட்பட. டைப் அடிக்க வராது என்றால் பேசிப் போடு. ஜமக்காளம் யாருடையது, யார் கொடுத்து நான் போட்டேன், மோட்டார் எரிந்ததா இல்லையா, அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்.