அஞ்சு நிமிஷம்

இந்தக் குழாய்க்காரரின் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. "அஞ்சு நிமிஷம் வீடு எது?" என்று கேளுங்கள். வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள், வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே.

போனை எடுத்தால் அவர் வாயில் வருவது அந்த ஒன்றுதான். "பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன். அஞ்சு நிமிஷம், இதோ வந்துட்டேன்!" அப்போது அவர் கட்டிலில் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருப்பார். "இந்தக் கட்டில் எந்தத் தெருவுக்குங்க பக்கத்துத் தெரு?" என்று மனைவி கேட்பாள். அவர் அசடு வழியச் சிரிப்பார்.

வேலையில் மனிதர் கெட்டிக்காரர். அவர் பூட்டிய குழாய் மறுபடி ஒழுகியதாக யாரும் சொன்னதில்லை. ஏமாற்றுக்காரரும் இல்லை. என்ன செய்வது, அந்தப் பக்கம் ஒரு குரல் பதறினால் இவருக்கு மனசு தாங்காது. அதை உடனே ஆற்ற அவரிடம் இருப்பது ஒரு வார்த்தைதான், அதைக் கொடுத்துவிடுவார். "அப்பாடா" என்பார்கள். அதைக் கேட்டதும் பாதி வேலையை முடித்துவிட்ட திருப்தி இவருக்கு வந்துவிடும். மீதிப் பாதியை யார் முடிப்பது என்பதில்தான் எப்போதும் தகராறு. என்னைக் கேட்டால், வாக்குக் கொடுத்துத் தவறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ரகம்தான். எதிரே ஒரு முகம் வாடுவதைப் பார்க்கத் தெம்பில்லாதவர்கள்.

ஊர் மட்டும் சும்மா இருக்குமா? குழாய் சொட்டினால் "உடைஞ்சிருச்சு" என்றது. ஒழுகினால் "வீடே மூழ்குது" என்றது. அவரும் பதிலுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். அலறினால் சொட்டுகிறது, நிதானமாகப் பேசினால் ஒன்றுமே இல்லை. இப்படி இரண்டு தரப்பும் மனமறிந்து புளுகிக்கொண்டு ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்.

இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் அவருடைய தங்கை. எத்தனையோ வருஷம் அடுத்தவர்களின் அழகு நிலையங்களில் தலை அலசிவிட்டே கை வெளுத்தவள். இப்போதுதான் கடைத்தெருவில் ஒரு மாடியைப் பிடித்துச் சொந்தமாகக் கடை போட்டிருந்தாள். நாற்காலி, கண்ணாடி எல்லாம் வந்துவிட்டன. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தலை அலசும் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவருவது மட்டும்தான் பாக்கி.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை கடையைத் திறக்கிறேன். சனிக்கிழமை உனக்குத் தோதுப்படுமா?" என்று கேட்டாள்.

"உனக்கு இல்லாததா? அன்னைக்கு முதல் வேலையே உன் வேலைதாம்மா."

சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் செய்தார். வழியில் போன் அடித்தது. ஒரு வீடு மூழ்கிக்கொண்டிருந்தது. ஓடினார், சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கிளம்பினால் இன்னொரு வீடு மூழ்கியது. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? தங்கை அழவில்லை. 'அவசரம்னா கத்தியிருப்பாளே' என்று இவர் நினைத்துக்கொண்டார். ஊரிலேயே இவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே ஆள் அவள். அவள் தலையில்தான் விடிந்தது.

இருட்டும் நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "எங்கண்ணா இருக்கே?"

"பக்கத்துத் தெருவுலதாம்மா. அஞ்சு நிமிஷம்."

அவள் போனை வைத்துவிட்டுக் கணவனிடம், "கீழ டீக்கடையில நாலு வாளி கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள். இந்தக் கடை வேலைக்கு முன்னால் அண்ணன் அவளுக்கு வாக்கு என்று ஒன்றைக் கொடுத்ததே இல்லை. கேட்கும் முன்பே வந்து நிற்பார். அதனால்தான் அந்த அஞ்சு நிமிஷம் அவளுக்கு அப்படி வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சலவைச் சட்டையும் தோளில் பையுமாக அண்ணன் படியேறினார். உள்ளே நுழைந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு பெரியம்மா தலை நிறைய நுரையோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "தண்ணி வருமாம்மா, இல்ல நான் இப்படியே வீட்டுக்குப் போயிடவா?" என்று அவர் கேட்க, காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். ஆனால் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. அவள் கணவன் இரண்டு வாளியோடு மூச்சிரைக்க மேலே வந்து, "வாங்க மச்சான், குழாய் நான்தான்" என்றான்.

அண்ணன் பையை இறக்கி வைத்தார். "இனிமே சத்தியமா..." என்று ஆரம்பித்தார்.

"சத்தியமெல்லாம் வேண்டாம். வாளியைப் பிடி."

"இப்பவே குழாயை மாட்டிடறேனே?"

"ஆளுங்க உட்கார்ந்திருக்கும்போது சுவத்தை உடைப்பியா? கீழ போய்த் தண்ணி கொண்டு வா."

ஊருக்கெல்லாம் மாடிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொடுத்தவர் அன்று தானே ஏற்றினார். சலவைச் சட்டை தெப்பலாக நனைந்தது. நடுவில் பைக்குள் போன் அடித்தது. இரண்டு கையிலும் வாளி. தங்கை எடுத்தாள். "அவரு இன்னைக்கு வர மாட்டாரு. நாளைக்கும் சாயங்காலத்துக்கு மேலதான் வருவாரு" என்றாள்.

அண்ணனுக்கு வாளி நழுவப் பார்த்தது. வெடிக்கப்போகிறது என்று காத்திருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து, "சரிம்மா, சும்மா சொட்டத்தான் சொட்டுது. நாளைக்கே வரட்டும்" என்றது குரல். அவ்வளவுதான். 'மாட்டேன்' என்று சொன்னால் யாரும் செத்துப்போக மாட்டார்கள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இது தெரியாமல் அரை ஆயுசு ஓடியிருக்கிறது.

கடை மூடும்போது தங்கை ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "நாளைக்குக் காலையில..." என்று வாயைத் திறந்தார். அவள் கையை உயர்த்தினாள். "சொல்லாதேண்ணா. ஒண்ணும் சொல்லாதே."

வழக்கமாகச் சொல்லிவிட்டால் இறங்கிவிடும் பாரம் அன்று இறங்கவில்லை. வீடுவரை சுமந்துகொண்டே போனார். சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை தங்கை கடை திறக்க வந்தபோது, பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் குழாய்த் துண்டுகளைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். அவளுக்கு நம்ப முடியவில்லை.

"என்னண்ணா இது? வர்றேன்னு நீ சொல்லவே இல்லையே?"

"சொல்ல விட்டிருந்தா," என்றார் அவர், "வந்திருக்க மாட்டேம்மா."

அவள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.