வாடகை வீடும் வாயில் வந்த ஊரும்

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில், அடுத்த காம்பராப் பிள்ளை தும்மினால், எங்கள் அடுப்படியில் இருந்தபடியே நான் "நூறு" என்று வாழ்த்தலாம். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. முசிறிப் பக்கம் தனிவீட்டில் வளர்ந்து, கல்யாணம் கட்டிக்கொள்ளக் கப்பலேறி வந்தவளுக்கு முதல் மாதம் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. ஊரில் எங்கள் வீடு ஒழுகும். ஆனாலும் "வெளியே போ" என்று எவனும் சொன்னதில்லை. இந்தப் பூண்டுலோயாத் தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் கூரை. என் கணவர் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கோடு வாய்த்தகராறு பண்ணினார், பேரை வெட்டிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் காம்பராவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போது ஏழு மாதம்.

வட்டவளையில் மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்காலையில் இவருக்கு வேலை கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் "தோட்டத்து ஆளுகளா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது, ஒரு சிங்கள முதலாளியின் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. அடைமழையில் போய் நின்றோம். மனிதர் நல்லவர்தான், என் வயிற்றைப் பார்த்து முக்காலியை இழுத்துப் போட்டார். வாடகை பேசி முடிந்தது. ஆணியில் தொங்கிய சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பேச்சுவாக்கில் கேட்டார்: "கம கொஹேத?"

ஊர் எது என்கிறார். அந்தளவு சிங்களம் எனக்கும் வந்திருந்தது.

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "திருச்சி ஜில்லாங்க மாத்தயா. முசிறிப் பக்கம்" என்றார்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். இந்த மனுஷர் கடலையே பார்த்ததில்லை. ஆனால் இங்கே யாரைக் கேட்டாலும் அப்படித்தான்; லயத்துச் சின்னப் பிள்ளைகள்கூடப் பார்க்காத ஊரைத் தாலுகாவோடு ஒப்பிக்கும். அது மரியாதை. ஊருக்கு ஆள் அனுப்பி என்னைப் பெண் கேட்டதே "நம்ம ஊருப் பொண்ணு" என்பதற்காகத்தான். முதலாளிக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? இந்தியாக்காரர்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று கடைத்தெரு முழுக்க அதே பேச்சாக இருந்த காலம்.

சாவி மறுபடி ஆணிக்குப் போனது.

"அப்ப நீங்க போற ஆள் தானே. நாளைக்கி பொலிஸ் வந்தா என்னத்தான் கேக்கும். வீடு குடுக்க முடியாது."

"ஊரக் கேட்டீங்க, சொன்னேன். இதுல என்னங்க குத்தம்?" என்று இவர் வெடுக்கென்று திரும்பினார். விட்டால் நடந்தே போயிருப்பார், மானஸ்தர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயோ, இவரு எங்க போகப் போறாரு மாத்தயா! பொறந்தது பூண்டுலோயா. தொப்புள்கொடி பொதச்சது அங்க. திருச்சி எந்தப் பக்கம்னு கேளுங்க, கையக்கூடக் காட்டத் தெரியாது!"

முதலாளி என்னையே பார்த்தார். "அப்ப நங்கிக்கி எந்த ஊர்?"

தங்கச்சி என்று கூப்பிட்டுத்தான் கேட்டார். வாசலில் நின்று அழுதபடி வழியனுப்பிய அம்மா முகம் வந்தது. வயிற்றில் பிள்ளை புரண்டது.

"நானும் பூண்டுலோயாதாங்க" என்றேன்.

சாவி வந்தது. பின்பக்கம் போனதும் அதை இவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"எங்கப்பன் பொறந்த ஊரு. எனக்குன்னு சொல்லிக்க இருந்தது அது ஒண்ணுதான். அதையும் இல்லாம ஆக்கிட்டியே."

"நான் பொறந்த ஊருங்க அது! நானே இல்லன்னு சொல்லிட்டு நிக்கிறேன், ஒங்களுக்கு என்ன?" அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினேன்.

நானே பூட்டைத் திறந்து உள்ளே போனேன். புதுச் சுண்ணாம்பு மணத்தது. சுவர் கூரை வரைக்கும் இருந்தது. "நனையிறீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டேன். இரண்டு தரம் கூப்பிட்டேன்.

முசிறியில் பிறந்தவள் உள்ளே நின்றேன். இந்த மலையிலேயே பிறந்தவர் மழையில் வெளியே நின்றார்.