இருபத்திரண்டுக்கு இருபத்தொன்று

ஒரு தாளில் நான் எழுதிய இரண்டு எண்களைப் பற்றி என் மனைவிக்கே முழுவதும் சொன்னதில்லை. கண்ணூறு என்று நான் சொன்ன காரணத்தை அவள் நம்பினாள், அல்லது நம்பியதுபோல் இருந்துவிட்டாள்.

கனடாவில் செயின்ட்-லோரன்ட் என்ற இடத்தில் மருந்துப் போத்தல்களுக்கு மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் சாப்பாட்டு அறையில், இலையுதிர்காலம் வந்தால், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டப்படும். எங்கள் நகரத்துப் பல்கலைக்கழக அணிக்கும், மாகாணத்தின் இன்னொரு மூலையில் உள்ள பல்கலைக்கழக அணிக்கும் நடக்கும் ஃபுட்போல் ஆட்டத்தில் யார் வெல்வார், எத்தனைக்கு எத்தனை என்று எல்லோரும் பெயர் போட்டு எழுத வேண்டும். இது நாங்கள் ஊரில் விளையாடிய உதைபந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், மாடு முட்டுவதுபோல முட்டல். வந்த புதிதில் எனக்கு இது விசராட்டமாகத்தான் தெரிந்தது. பிறகு எப்படியோ பிடித்துப் போயிற்று. சனிக்கிழமைகளில் போய்ப் பனியில் நின்று கத்தும் ஆளாகிவிட்டேன்.

தாளை ஒட்டுகிறவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கியூபெக்காரர். அவர் அந்த மற்ற நகரத்தில் பிறந்தவர், அவர்களுடைய அணிக்கு உயிரைக் கொடுப்பார். எங்கள் நகரத்து அணிக்கு ஆதரவாக எழுதுகிறவர்களில் உறுதியானவர்கள் இரண்டு பேர்: நானும், என்னோடு ஒரே மெஷினில் நிற்கும் மன்னார் அண்ணையும். அண்ணை தேவாலயத்துக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்துதான் எழுதுவார். ஆனாலும் பெரும்பாலும் தோல்விதான். கியூபெக்காரர் திங்கட்கிழமை காலையில் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஃபோர்க்லிஃப்டில் எங்களைச் சுற்றி வருவார். நாங்களும் சிரிப்போம்.

என் மகன் சிறுவயதிலிருந்து உதைபந்து விளையாடினான். நாங்கள் செயின்ட்-மிஷேலில் இருந்த காலத்தில், பூங்காவில் அவன் அடிக்கும் பந்து வேலிக்கு வெளியே போய் விழும். கல்லூரியில் ஒரு பயிற்சியாளர் அவன் காலைப் பார்த்து, முட்டைப் பந்தை உதைக்கப் பழக்கினார். கிக்கர் என்று ஒரு வேலை. மற்றவர்கள் ஓடி, முட்டி, விழுந்து எழும்புவார்கள். இவன் ஓரத்தில் நின்றுவிட்டு, கூப்பிடும்போது வந்து இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைக்க வேண்டும். போனால் மூன்று புள்ளி. எங்கள் நகரத்துப் பல்கலைக்கழகம் அவனை எடுத்தபோது நான் தொழிற்சாலை முழுவதற்கும் டோனட் வாங்கிக் கொண்டுபோனேன். மூன்று வருடம் அவன் ஆட்டமில்லாமல் ஓரத்து வாங்கிலேதான் இருந்தான். நாலாம் வருடம்தான் முதன்மைக் கிக்கராக இறங்கினான்.

அந்த வருடம் தாள் ஒட்டிய அன்று, எல்லோரும் நான் எழுதுவதைப் பார்க்க நின்றார்கள்.

"அப்பா என்ன எழுதப்போகிறார்?" என்று கியூபெக்காரர் பிரெஞ்சில் கேட்டுப் பேனையை நீட்டினார்.

நான் எழுதினேன். அவர்களுக்கு இருபத்திரண்டு. எங்களுக்கு இருபத்தொன்று.

கியூபெக்காரர்கூடச் சிரிக்கவில்லை. மன்னார் அண்ணை என் தோளைத் தொட்டார்.

"என்ன தம்பி, பிள்ளை விளையாடேக்க இப்பிடி எழுதுறாய்?"

"கண்ணூறு படாமல் இருக்கட்டும் அண்ணை. நான் வெல்லுமெண்டு எழுதின வருசமெல்லாம் தோத்தவங்கள். இந்த முறை மாத்தி எழுதிப் பாக்கிறன்."

"அப்ப சரி" என்றார் அண்ணை. ஆனால் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அண்ணைக்குச் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. இரண்டு கிழமைக்கு முன் ஓர் ஆட்டத்தில் மகன் இலகுவான இரண்டு உதைகளைத் தவறவிட்டிருந்தான். இரண்டாவது தவறியபோது அவன் தலையைக் குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம் எனக்குப் பழக்கமானது. ஏழு வயதில், தமிழ் வகுப்பில் எழும்பி நின்று திருக்குறள் மறந்துபோனபோதும் அவன் அப்படித்தான் நின்றான். இவன் பெரிய ஆட்டத்தில் நின்றுபிடிக்க மாட்டான் என்று எனக்குள் ஒரு முடிவு வந்திருந்தது. கண்ணூறு என்ற காரணம் பிறகுதான் வந்தது.

ஆட்டத்தன்று மனைவியும் வந்தாள். அவளுக்கு விதிகள் தெரியாது. போர்வையைச் சுற்றிக்கொண்டு மகனின் முதுகு எண்ணை மட்டும் தேடிக்கொண்டிருந்தாள். அவன் அன்று முதலில் வந்த இரண்டு உதைகளையும் நடுவாலேயே போட்டான். அதை இன்று ஒருவரும் சொல்வதில்லை.

ஆட்டம் முடிய ஒன்பது வினாடி இருந்தது. அவர்கள் இருபத்திரண்டு, நாங்கள் இருபது. மகனைக் கூப்பிட்டார்கள். உதை போனால் வெற்றி. மைதானத்தை ஒட்டிய மலைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மனைவி என் கையைப் பிடித்தாள். பந்து நன்றாகத்தான் எழும்பியது. பாதி தூரத்தில் இடப்பக்கம் சாயத் தொடங்கி, கம்பத்துக்கு வெளியே போய், பின்கோட்டையும் தாண்டி விழுந்தது.

கனடா ஃபுட்போலில் ஒரு விதி உண்டு. தவறிய உதை அப்படிப் பின்கோட்டைத் தாண்டினால், உதைத்த அணிக்கு ஒரு புள்ளி. எங்கள் பக்கத்தில் இருந்த இருபது இருபத்தொன்றாக மாறியது.

நான் மகனைப் பார்க்கும் முன் புள்ளிப் பலகையைத்தான் பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்தொன்று. ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரியாகச் சொன்னேன் என்ற ஒரு துள்ளல் நெஞ்சில் வந்தது. அதைத்தான் மனைவிக்குச் சொல்லவில்லை.

"என்ன நடந்தது? ஒண்டு கூடினதுதானே? நல்லதோ?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

மகன் வீட்டுக்கு வந்து நேரே போய்ப் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை சோறு தின்றான், குளித்தான், திரும்பவும் படுத்தான். பேசாமல் விட்டால் ஆறும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனால் எல்லோரும் கைதட்டினார்கள். "புரொஃபெத்! புரொஃபெத்!" என்றார்கள். தீர்க்கதரிசியாம். கியூபெக்காரர் தாளை முன்பே படம் பிடித்து வைத்திருந்து, தங்கள் அணி ரசிகர்களின் இணையப் பக்கத்தில் சனிக்கிழமையே போட்டிருந்தார். தோற்ற அணியின் கிக்கருடைய தகப்பனே புள்ளி பிசகாமல் சொல்லியிருக்கிறார், எங்களைவிட அவருக்குத்தான் மகனைத் தெரியும் என்று எழுதியிருந்தார். கீழே நூற்றுக்கணக்கான சிரிப்புகள். அதை அங்கிருந்து எடுக்கச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் உடனே எடுத்தார். பகிடிக்குப் போட்டது, யோசிக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்தான். அவர் எழுதியதில் பிழையொன்றும் இல்லை.

வேலை முடிந்து நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மகன் குசினி மேசையில் இருந்தான். முன்னால் ஃபோன். படம் அவனிடம் இருந்தது. யாரோ பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"அப்பா, இது உங்கட எழுத்தோ?"

"ஓம்."

"ஆட்டத்துக்கு முதலே எழுதினதோ?"

"ஓம் தம்பி. கண்ணூறு படக்கூடாது எண்டு… நான் வெல்லுமெண்டு எழுதினால் ஒருநாளும்…"

"மற்ற வருசம் எல்லாம் என்ன எழுதினனீங்கள்?"

அவனுக்குத் தெரியும். வருடா வருடம் நான் எழுதியதை அவனிடம் வந்து பெருமையாகச் சொன்னவனே நான்தான்.

"நான் வாங்கில இருக்கேக்க வெல்லுவம் எண்டு எழுதினீங்கள்" என்றான் மெதுவாக. "நான் இறங்கின வருசம் மட்டும் தோப்பம் எண்டு எழுதினீங்கள்."

கோபப்பட்டிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். அவன் கணக்கைச் சரிபார்ப்பவன்போலக் கேட்டான். பிறகு பிரெஞ்சில், எனக்கல்லாமல் தனக்கே சொல்வதுபோல, "அப்ப சரி" என்றுவிட்டு எழும்பினான். மனைவி அடுப்படியில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்த வருடம் அவன் விளையாடப் பதியவில்லை. பயிற்சியாளர் இரண்டு தடவை ஃபோன் எடுத்தார். படிப்பை முடித்தான். கல்கரியில் வேலை கிடைத்தது, போய்விட்டான். நானும் மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கியூபெக்காரர் அதற்குப் பிறகு தாள் ஒட்டவே இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மதியத்தில் நான் காருக்குள் இருந்து சாப்பிடுகிறேன். மன்னார் அண்ணை சில நாள் வந்து கண்ணாடியில் தட்டிப் பக்கத்தில் இருப்பார். "பிள்ளையள் மறப்பினம் தம்பி" என்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

மகன் தாயோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கிறான். ஃபோன் என் கைக்கு வந்தால் அங்கே எத்தனை பாகை குளிர் என்று சொல்வான். இங்கே எத்தனை என்று நான் சொல்வேன்.

போன நத்தார் விடுமுறைக்கு நாலு நாள் வந்து நின்றான். போகும்போது விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோனேன். வழியில் பேச்சைத் தொடங்க எண்ணி மூன்று சிக்னலைக் கடந்தேன். நாலாவதில் நின்றபோது தொடங்கினேன்.

"தம்பி, அண்டைக்கு நான் எழுதினது…"

"அப்பா, பச்சை விழுந்திட்டுது."

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். காரை எடுத்தேன். மிச்ச வழியில் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். வாசலில் இறங்கிப் பையை எடுத்தான்.

"குளிருது, நீங்கள் போங்கோ. அம்மாவுக்குச் சொல்லுங்கோ, போய்ச் சேந்திட்டு ஃபோன் எடுக்கிறன்."

கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. அங்கே நிற்கக்கூடாது என்று ஒரு காவலர் கையைக் காட்டினார். அன்று எனக்கு மத்தியான ஷிஃப்ட். அப்படியே வேலைக்குப் போனேன்.