உதட்டில் ஐந்து கோடுகள்

பார்வை போன பிறகு என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாசலில் இருக்கும் எங்கள் பெட்டிக்கடையில் அவர் தனியாக உட்கார வேண்டும். நான் காலையிலேயே ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விடுவேன். எவனாவது நூறைக் கொடுத்துவிட்டு ஐநூறு என்று சொன்னால்? எனக்கு யார் மேலும் லேசில் நம்பிக்கை வராது. பிறவிக் குணம், மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

பேங்க் கேஷியர் பெண்தான் வழி சொன்னாள். நோட்டின் இரண்டு ஓரத்திலும் சாய்ந்த கோடுகள் மேடாக இருக்குமாம், பார்வை இல்லாதவர்கள் தடவிப் பார்ப்பதற்கென்றே. நூறுக்கு நான்கு, ஐநூறுக்கு ஐந்து. இருநூறுக்கும் நான்குதான், ஆனால் நடுவில் குட்டியாக இரண்டு வட்டம். இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியும் அது என் கண்ணில் பட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புது நோட்டுகளை அவர் கையில் கொடுத்துத் தடவச் சொன்னேன். கோடு என் விரலுக்குத் தெரிந்தது, அவர் விரலுக்குத் தெரியவில்லை. தோல் கம்பெனி சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டிப் புரட்டி விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடை மிஷினிலேயே அவர் கைரேகை விழாது. திரும்பத் திரும்பத் தடவினார். கடைசியில் நோட்டுகளை விசிறியடித்தார்.

"வுடுடி. ஒரு மூலையில உக்காந்துக்கினு, போடறதத் துன்னுட்டுக் கெடக்கறேன்."

"காச எறிஞ்சா பொறுக்கறது யாரு? நீங்களே பொறுக்குங்க" என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன். மனசு கேட்கவில்லை, எட்டிப் பார்த்தேன். மண்டியிட்டுத் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார். தேடுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால், கிடைத்த நோட்டை உதட்டில் கவ்வியிருந்தார். திடீரென்று அப்படியே அசையாமல் இருந்தார். பிறகு நோட்டின் ஓரத்தைக் கீழுதட்டில் மெல்ல இழுத்தார்.

"இந்தா, இதுல அஞ்சு கோடு. ஐநூறு."

ஐநூறுதான். யார் யார் கை பட்டதோ, அதைப் போய் வாயில் வைக்கிறீர்களே என்று திட்டினேன். அவர் காதில் ஏறவே இல்லை, சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்துக்கொண்டேன்.

கடையில் உட்கார்ந்தார். அன்றைய முதல் வியாபாரக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது இங்கே எல்லாக் கடையிலும் உண்டு. இவர் ஒவ்வொரு நோட்டையும் முகத்தருகே கொண்டுபோவதைப் பார்த்தவர்கள் இதையும் போணி பக்தி என்றே நினைத்தார்கள். "இன்னாண்ணே, பொழுதே போவப்போவுது, இன்னும் போணியா?" என்று எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஒரு நாள் கேட்டார். "நீ குடுத்தா எப்பவுமே போணிதாம்ப்பா" என்றார் இவர்.

பழைய நோட்டுதான் தொல்லை. கோடெல்லாம் தேய்ந்திருக்கும். ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்ததும் கசங்கிய நோட்டு ஒன்றை நீட்டினார்.

"கோடு ஒண்ணும் தெர்ல. இருநூறுன்னு சொல்லிக் குடுத்தான், சில்லறை குடுத்துட்டேன். பாத்து சொல்லு, இருநூறுதான?"

நோட்டு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. இருநூறு என்றால் மஞ்சள், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கொடுத்தவனின் பரம்பரையையே இழுத்துத் திட்ட வாயெடுத்தேன். திட்டினால் இவர் மறுபடி அந்த மூலைக்கே போய்விடுவார்.

"இருநூறுதான்" என்றேன்.

அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அவன் போனதும் நல்ல நூறு ஒண்ண அது மேல வெச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒரே நீளம். இருநூறா இருந்தா கொஞ்சம் நீட்டிக்கினு இருக்கும். நீ இன்னா சொல்றேன்னு பாக்கத்தான் கேட்டேன்."

கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன், அவர் விடவில்லை.

"ஏமாந்தா ஏமாந்துட்டுப் போறேன். கண்ணு தெரிஞ்சவன் ஏமாறலையா? நாளைக்கும் நான்தான் கடை தொறப்பேன். ஊர்ல மத்தவங்க குடுக்கறத ஒதட்டுல வெச்சாவது பாத்துக்குவேன். நீ சொல்றத நான் எதுல வெச்சுப் பாக்கறது?"

"நூறுதாங்க" என்றேன்.